உயரத்துக்கு என்ன விலை என்று கேட்டவர்: பொறியியலாளர் பஸ்லுர் ரஹ்மான் கான்

ஜித்தா வழியாக ஹஜ்ஜுக்குப் போய் வந்த நம் ஹாஜிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்தின் அந்த வெள்ளைக் கூடாரங்களைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். சுவர் இல்லாத பரந்த இடம், தலைக்கு மேலே வரிசை வரிசையாகத் துணிக் கூரை, பாலைவன வெயிலிலும் கீழே ஒரு நிழல். அதை எழுப்பியவர்கள் யார் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அந்தக் கூரையின் பொறியியல் வேலைக்குத் தலைமை தாங்கியவரே, கால் நூற்றாண்டு காலம் உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்த சிக்காகோவின் சியர்ஸ் கோபுரத்தையும் நிற்க வைத்தவர் என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

பஸ்லுர் ரஹ்மான் கானின் பெயர் வட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது சுற்றி வருவதுண்டு. அமெரிக்காவின் உயர்ந்த கோபுரத்தை உருவாக்கியவர் ஒரு முஸ்லிம் என்று பெருமைப்பட்டு, அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். அதே கையோடு, கியாமத் நாளின் அடையாளங்களில் ஒன்றாக உயரமான கட்டடங்களைக் கட்டுவதில் மனிதர்கள் போட்டி போடுவார்கள் என்று ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸையும் குத்பாக்களில் கேட்கிறோம். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து நாம் யோசித்ததில்லை. கானின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்த்தால் அந்த யோசனைக்கு ஒரு வழி கிடைக்கிறது.

அவர் 1929 ஏப்ரல் 3ஆம் திகதி டாக்காவில் பிறந்தார். அன்று அது பிரித்தானிய இந்தியாவின் வங்காள மாகாணம். தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர். பாடநூல்கள் எழுதியவர், பின்னாளில் கல்வித்துறையில் உயர் பதவி வகித்தவர். வீட்டில் செல்வத்தைவிடப் படிப்புக்கே மதிப்பு. டாக்காவின் அர்மானிடோலா அரச பாடசாலையில் படித்த பையனுக்கு இயற்பியலில் ஆசை. தந்தையோ பொறியியலைப் படிக்கச் சொன்னார். கட்டுப்பாடான படிப்பு மகனுக்கு நல்லது என்பது அவருடைய எண்ணம். மகன் கேட்டுக்கொண்டான்.

கல்கத்தாவுக்கு அருகே சிப்பூரில் இருந்த வங்காளப் பொறியியல் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அங்கே படித்துக்கொண்டிருக்கும்போதுதான் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1950இல் இனக் கலவரம் வெடித்தபோது படிப்பு பாதியில் நின்றது. டாக்காவுக்குத் திரும்பி, அஹ்ஸனுல்லாஹ் பொறியியல் கல்லூரியில் மீதியை முடித்து முதலிடத்தில் தேறினார். கலவரத்தால் படிப்பு குலைவதும், ஓர் ஊரில் தொடங்கியதை இன்னோர் ஊரில் முடிப்பதும் இந்த நாட்டு வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விடயம் அல்ல.

1952இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்றே வருடங்களில் இரண்டு முதுமாணிப் பட்டங்களையும் ஒரு கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். 1955இல் சிக்காகோவில் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்ற பெரிய கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் நாட்டுக்கு உழைக்க வேண்டும் என்று திரும்பிப் போய், கராச்சி அபிவிருத்தி அதிகார சபையில் பணியாற்றினார். அங்கே கிடைத்தது நிர்வாக வேலை. வடிவமைக்கும் வேலைக்கு வாய்ப்பு அமையவில்லை. 1960இல் மீண்டும் சிக்காகோவுக்கே வந்து சேர்ந்தார். திறமையுள்ள ஒருவர் சொந்த நாட்டில் மேசையில் கட்டுண்டு கிடந்து, பிறகு வெளிநாட்டுக்குப் போன பழைய கதைதான் இதுவும்.

அவர் வந்த காலத்தில் உயரமான கட்டடம் என்பது பணக்கார நிறுவனங்களின் ஆடம்பரம். 1931இல் நியூயோர்க்கில் எழுந்த 102 மாடி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் போல, உள்ளே தூண்களும் உத்தரங்களும் அடர்ந்த உருக்குக் கூட்டை நிறுத்தி, அதற்கு வெளியே கல்லும் கண்ணாடியும் போர்த்துவார்கள். இந்த முறையில் மாடி கூடக் கூடச் செலவு சீராகக் கூடாது, தாவித் தாவிக் கூடும். காரணம் கட்டடத்தின் பாரம் மட்டுமல்ல, காற்று. உயரே போகப் போகக் காற்று கட்டடத்தைத் தள்ளும். அதைத் தாங்க மேலும் மேலும் உருக்கைக் கொட்ட வேண்டும். உயரத்துக்காகக் கொடுக்கும் இந்த மேலதிக விலையைத்தான் கான் தன் கேள்வியாக எடுத்துக்கொண்டார். இந்த விலையைக் கொடுக்காமல் கட்ட முடியாதா என்பதே அந்தக் கேள்வி.

விடையை விளங்கிக்கொள்ள எங்கள் புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ஒரு மூங்கிலைப் பார்த்தால் போதும். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் குழல். பலம் முழுவதும் வெளி ஓட்டில். இடையிடையே உள்ள கணுக்கள் அந்த ஓட்டை நசுங்காமல் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு காற்றடித்தாலும் வளையும், முறியாது. கானின் யோசனையும் இந்த வகைதான். தூண்களைக் கட்டடத்தின் உள்ளே சிதற விடாமல் வெளிச் சுவருக்குக் கொண்டுவந்தார். அவற்றை நெருக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு மாடியிலும் தடித்த உத்தரங்களால் பிணைத்தார். அப்போது நான்கு பக்கச் சுவர்களும் சேர்ந்து ஒரே குழாயாகிக் காற்றை எதிர்க்கும். மாடித் தளங்கள் மூங்கிலின் கணுக்களைப் போல வேலை செய்யும்.

1960களின் நடுவில் சிக்காகோவில் எழுந்த 43 மாடி டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பு இந்த முறையில் எழுந்த முதல் கட்டடம். கொங்கிரீட்டால் ஆனது. ஏறக்குறைய ஐந்தரை அடிக்கு ஒரு தூண். பார்ப்பதற்குச் சாதாரணமான கட்டடம்தான். ஆனால் அதன் பின் வந்த வானளாவிய கட்டடங்களின் கணக்கையே அது மாற்றிவிட்டது.

அடுத்தது ஜோன் ஹன்கொக் கோபுரம். முதலில் அந்தக் காணியில் இரண்டு கட்டடங்கள் கட்டும் யோசனை இருந்தது, ஒன்று குடியிருப்புக்கு, மற்றது அலுவலகங்களுக்கு. கானும் அவருடன் வேலை செய்த கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹமும் இரண்டையும் ஒன்றாக்கி 100 மாடிக் கோபுரமாக வரைந்தார்கள். கீழே கடைகளும் வாகனத் தரிப்பிடமும், நடுவில் அலுவலகங்கள், மேலே நூற்றுக்கணக்கான வீடுகள். அலுவலகத்துக்கு அகலமான தளம் தேவை, வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆகவே மேலே போகப் போகக் கட்டடம் ஒடுங்கியது. வெளிச் சுவர்களில் பல மாடிகளைக் கடந்து செல்லும் பெரிய குறுக்குச் சட்டங்களை, பெருக்கல் குறி வடிவில், ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். பாரமும் காற்றின் விசையும் அந்தச் சட்டங்களின் வழியே நிலத்துக்கு இறங்கின.

இதில் கட்டட அழகு பற்றிய பெரிய விவாதம் எழுந்தது. அந்தச் சட்டங்கள் சில வீடுகளின் யன்னல்களுக்குக் குறுக்கே போயின. கறுத்த உருக்கு, குறுக்கும் நெடுக்குமான சட்டம், இதுவா அழகு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். மூடி மறைத்து அலங்காரம் பூசுவது எளிது. கானும் கிரஹமும் மறைக்க உடன்படவில்லை. கட்டடம் எப்படி நிற்கிறது என்பதைத் தெருவில் போகிறவரும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். இன்று சிக்காகோ மக்கள் தங்கள் நகரின் அடையாளமாகக் காட்டுவதில் அந்தப் பெருக்கல் குறிகளும் ஒன்று.

வேலை சுலபமாகவும் நடக்கவில்லை. கட்டத் தொடங்கிய பின் அடித்தளத் தூணொன்றில் குறை கண்டுபிடிக்கப்பட்டு, வேலை மாதக் கணக்கில் நிறுத்தப்பட்டது. பிழையை மூடி மேலே கட்டிக்கொண்டு போகாமல் நின்று, சோதித்து, திருத்திய பிறகே தொடர்ந்தார்கள். உயரத்தில் கட்டடம் அசையும்போது உள்ளே இருப்பவர்களுக்குத் தலை சுற்றுமா என்ற கேள்வியும் இருந்தது. சிக்காகோ அருங்காட்சியகம் ஒன்றில் சலவை இயந்திரக் காட்சிக்காக வைத்திருந்த அசையும் மேடையில் ஆட்களை நிற்கவும் இருக்கவும் படுக்கவும் வைத்து, எவ்வளவு அசைவை மனிதர் உணர்கிறார் என்று கான் பரிசோதித்தார். 344 மீற்றர் உயரக் கோபுரத்தின் கேள்விக்கு, அருங்காட்சியக மேடையில் விடை தேடிய எளிமை அவருடையது.

1969இல் கோபுரம் எழுந்து நின்றபோது கணக்கு தெளிவாகத் தெரிந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீற்றர் தளத்துக்கு ஏறத்தாழ 206 கிலோ உருக்கு. ஹன்கொக் கோபுரத்தில் ஏறத்தாழ 145 கிலோ. உயரம் கிட்டத்தட்ட அதே அளவு, உருக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு குறைவு. வீண் விரயம் என்று நம் மார்க்கம் எதைச் சொல்கிறதோ, அதை நூறு மாடிக் கட்டடத்திலிருந்து ஒரு மனிதர் கணிதத்தால் நீக்கிக் காட்டினார்.

1971இல் ஹூஸ்டன் நகரில் 52 மாடிகளுடன் வன் ஷெல் பிளாசா எழுந்தது. அன்று உலகின் மிக உயரமான கொங்கிரீட் கட்டடம் அதுவே. அதன் சுவரைப் பார்த்தால் சில இடங்களில் அலை போல மெல்லப் புடைத்திருக்கும். அழகுக்காகச் செய்த வளைவென்று நினைப்போம். உண்மையில் பாரம் அதிகமாக விழும் இடங்களில் தூண்கள் தடித்ததால் வந்த வளைவு அது. தேவை எங்கே இருந்ததோ அங்கேயே அழகும் வந்து சேர்ந்தது.

பிறகு சியர்ஸ் கோபுரம். தனி ஈர்க்கை யாரும் முறிக்கலாம், விளக்குமாற்றை முறிக்க முடியாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த உண்மை. கானும் கிரஹமும் ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் 75 அடி அகலம். எல்லாம் ஒரே உயரத்துக்குப் போகவில்லை. இரண்டு குழாய்கள் 50ஆம் மாடியோடு நின்றன. இன்னும் இரண்டு 66ஆம் மாடியோடு, மூன்று 90ஆம் மாடியோடு நின்றன. எஞ்சிய இரண்டு மட்டும் உச்சிவரை சென்றன. 110 மாடிகள், 442 மீற்றர். 1970களின் தொடக்கத்திலிருந்து 1998இல் கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் வரும்வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுதான். கீழே பெரிய தளம் வேண்டியவர்களுக்குப் பெரிய தளம், மேலே சிறிய அலுவலகம் வேண்டியவர்களுக்குச் சிறிய தளம் என்று கணக்குப் போட்டதிலிருந்தே சிக்காகோ வானத்தில் அந்தப் படிப்படியான உருவம் பிறந்தது.

இவ்வளவு உயரத்துக்குக் கட்டியவர் உயரத்தில் மயங்கியவரும் அல்லர். ஒவ்வொரு உயரத்துக்கும் பொருத்தமான கட்டமைப்பு எது என்று அவர் பட்டியலிட்டுக் காட்டினார். இருபது மாடிக்குப் போதுமானதை நூறு மாடிக்கும், நூறு மாடிக்குத் தேவையானதை இருபது மாடிக்கும் போடுவது இரண்டுமே அவருக்குப் பிழை. இன்னும் மிக உயரமாகக் கட்ட வழி உண்டு என்றும் அவர் சொன்னார். ஆனால் கட்ட வேண்டுமா, அதை அந்த நகரம் தாங்குமா என்பது பொறியியலின் கேள்வியல்ல, சமூகத்தின் கேள்வி என்று சேர்த்தே சொன்னார். பொறியியலாளர் தன் தொழிலுக்குள்ளேயே மூழ்கி, இசையையும் கலையையும் மனிதர்களையும் மறந்துவிடக்கூடாது என்பதும் அவர் எண்ணம். வங்காளப் பாடல்களை விரும்பிப் பாடுபவராகவே கடைசிவரை இருந்தார்.

மனிதர்களை அவர் மறக்கவில்லை என்பதற்கு 1971 சாட்சி. கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டு இலட்சக்கணக்கானோர் அகதிகளானபோது, சிக்காகோவில் தன்னைச் சுற்றியிருந்த வங்காளிகளைத் திரட்டினார். நிவாரணத்துக்கென ஓர் அமைப்பையும், மக்களின் நிலையை அமெரிக்க அரசியல்வாதிகளிடம் கொண்டுசெல்ல இன்னோர் அமைப்பையும் முன்னின்று நடத்தினார். சியர்ஸ் கோபுரத்தின் வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

கடைசியில் ஹஜ் முனையம். ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தில் வருடத்தில் சில வாரங்கள் மட்டும் பெருங்கூட்டம் வரும். மீதி நாட்களில் ஓரளவு அமைதி. வந்து இறங்கும்போது ஒரே நேரத்தில் 50,000 பேர், திரும்பிப் போகும்போது 80,000 பேர் மணிக்கணக்கில் காத்திருக்க இடம் வேண்டும். அவ்வளவு பெரிய மண்டபத்தைச் சுவரெழுப்பிக் குளிரூட்டினால் செலவுக்கு எல்லை இருக்காது. கானும் கட்டடக் கலைஞர் கோர்டன் பன்ஷாஃப்டும் கூடாரத்தை எடுத்துக்கொண்டார்கள். 45 மீற்றர் உயர உருக்குத் தூண்களிலிருந்து கம்பிகளால் தொங்கும் 210 கூடாரங்கள். டெஃப்லோன் பூசிய கண்ணாடியிழைத் துணி வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். சூடான காற்று கூம்பின் உச்சித் துவாரத்தால் வெளியேறும், பக்கங்களால் காற்று உள்ளே வரும். இஹ்ராம் துணியோடு வருபவருக்குத் துணியாலேயே ஒரு நிழல்.

உலகின் மிக உயரமான கட்டடத்தை நிறுத்தியவர், உயரமே தேவையில்லாத இடத்தில் உயரத்தை நாடவில்லை என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். சிக்காகோவில் காணி குறைவு, மேலே போனார். ஜித்தாவில் காணி உண்டு, ஆட்கள் அதிகம், வெயில் கடுமை, அங்கே கூடாரத்தை விரித்தார். 1981இல் முனையம் திறக்கப்பட்டது. 1983இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது அதற்குக் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

1982 மார்ச் 27ஆம் திகதி அதே ஜித்தா நகரில் மாரடைப்பால் அவர் வபாத்தானார். 53 வயதுக்கு ஒரு வாரம் குறைவு. சிக்காகோவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நிறுத்திய சியர்ஸ் கோபுரத்தின் அடியில் உள்ள தெருச் சந்திக்கு இன்று அவருடைய பெயர். பங்களாதேஷ் 1999இல் அவருக்குச் சுதந்திர விருது அளித்து முத்திரையும் வெளியிட்டது. மகள் யாஸ்மின் சபீனா கானும் கட்டமைப்புப் பொறியியலாளராகி, தந்தையின் வேலைகளைப் பற்றி நூல் எழுதினார். இன்று உலகில் எழும் உயர்ந்த கோபுரங்கள் பலவற்றின் எலும்புக்கூட்டில் அவருடைய குழாய் முறையின் ஏதோ ஒரு வழித்தோன்றலைக் காணலாம்.

நாங்கள் புளத்கொகுபிட்டியவிலிருந்து கரவனெல்லை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போகும்போது, நகரை நெருங்கியதும் பிள்ளைகள் தாமரைக் கோபுரத்தைத் தேடுகிறார்கள். 350 மீற்றர் உயரத்தில் அது கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் இதழ்கள் கோபுரத்தைத் தாங்கவில்லை, தண்டுதான் தாங்குகிறது. பேரை வாவிப் பக்கம் அல்டெயார் கோபுரங்களில் ஒன்று மற்றதன் மேல் சாய்ந்து நிற்பதையும் பிள்ளைகள் வியந்து பார்க்கிறார்கள். ஹைட் பார்க் கோர்னரில் 1970களின் இறுதியில் ஜெஃப்ரி பாவா கட்டிய 12 மாடி அரச அடமான வங்கிக் கட்டடத்தை யாரும் கவனிப்பதில்லை. காற்றும் வெளிச்சமும் இயற்கையாகவே உள்ளே வரும்படி வடிவமைக்கப்பட்ட கட்டடம் அது. எது அழகு என்று பிள்ளை கேட்டால், எது உயரம் என்று பார்க்காதே, எதற்காக அப்படி இருக்கிறது என்று கேள் எனச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கானின் வாழ்க்கை அதற்கு நல்ல பாடநூல்.

ஊருக்கும் இதில் வேலை உண்டு. 2016 மே மாதத்து மண்சரிவில் களுபஹன தோட்டத்து லயன் வீடுகளில் உயிர்கள் புதைந்ததைக் கண்ட பிரதேசம் இது. சரிவில் மண் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பது எங்களுக்கு ஏட்டுக் கேள்வியல்ல. இப்படியான மாவட்டங்களில் கட்டும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனாலும் பக்கத்து ஊரைவிட நம் பள்ளிவாசலின் மினாரா உயர வேண்டும் என்று வசூல் செய்யும்போது, மண்ணைச் சோதித்தோமா, ஒரு பொறியியலாளரிடம் வரைபடத்தைக் காட்டினோமா என்ற கேள்வி கடைசியாகத்தான் வருகிறது, சில நேரம் வருவதே இல்லை. வெளியே பளிங்கும் குவிமாடமும் மின்விளக்கும், உள்ளே ஜும்ஆவுக்கு வந்தவர் வியர்த்துக் கொட்டுகிறார், பெண்களுக்குத் தொழ இடமில்லை, வுழூச் செய்யும் இடத்தில் வயதானவர் வழுக்கி விழுகிறார். ஹதீஸ் எச்சரித்த போட்டி துபாயிலும் கொழும்பிலும் மட்டும்தான் நடக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

எந்தக் கட்டடம் என்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு வசூலைத் தொடங்கலாம். இது யாருக்கு? இவ்வளவு உயரம் எதற்கு? இதைவிடக் குறைந்த பொருளில் இதே பயனைப் பெற முடியாதா? அலங்காரத்தில் மிச்சமாகும் பணத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. தோட்டப்புறத்திலும் நம் கிராமங்களிலும் உயர்தரத்தில் கணிதம் படிக்க ஆசையுள்ள பிள்ளை, ஆசிரியர் இல்லாமல் வேறு பாடத்துக்கு மாறிப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்துகொடுத்தால் போதும். சியர்ஸ் கோபுரத்தை நிறுத்தியவரும் டாக்காவில் ஒரு கணித ஆசிரியரின் வீட்டிலிருந்துதான் வந்தார்.

அல்லாஹ் மர்ஹூம் பஸ்லுர் ரஹ்மான் கானின் குறைகளை மன்னித்து, ஹாஜிகளுக்கு அவர் அமைத்துக் கொடுத்த நிழலை அவருக்கு நன்மையாக்குவானாக. ஆமீன்.